சீரியல் போர்ட் பேச மறுத்தால்: லினக்ஸ், மேக், பிஎஸ்டி டெர்மினலில் பழுது தேடுவது எப்படி

சீரியல் கன்சோல் (ரவுட்டர், ஸ்விட்ச், சின்ன போர்டு மாதிரி கருவியோடு சீரியல் கேபிள் வழியாக எழுத்தில் பேசும் வழி) வேலை செய்யவில்லை என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: திரையில் என்ன தெரிகிறது? நிரல் போர்ட்டைத் திறக்கவே மாட்டேன் என்கிறதா, திறந்தும் ஒன்றும் வரவில்லையா, குப்பை எழுத்தாகக் கொட்டுகிறதா, வருவது ஒழுங்காக வந்து நாம் அடிப்பது மட்டும் போகவில்லையா, வரிகள் படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் சரிகின்றனவா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. பலரும் இதைக் கவனிக்காமல் எடுத்த எடுப்பில் பாட் ரேட்டை (விநாடிக்கு எத்தனை பிட் என்ற வேகம்) மாற்றுகிறார்கள், சரியாகவில்லை என்றால் கேபிளைப் பிடுங்கிச் செருகுகிறார்கள், அப்புறம் வேறு நிரலைப் போட்டுப் பார்க்கிறார்கள். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றிவிட்டால் பழுது எதில் இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கீழே கட்டளைப் பெயர்களை ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து, பெரிய எழுத்து என்று சொன்ன இடத்தில் மட்டும் பெரியது. லினக்ஸ் டிவைஸ் பெயர்களில் யுஎஸ்பி, ஏசிஎம், எஸ் ஆகியவை எப்போதும் பெரிய எழுத்து. டிடிஒய்எஸ்0-க்குச் சின்ன எஸ் போட்டுவிட்டு அப்படி ஒரு கோப்பே இல்லை என்று தவித்தவர்கள் நிறைய.

போர்ட் இருக்கிறதா

கேபிளைச் செருகுவதற்கு முன்னால் ஒரு டெர்மினலைத் திறந்து டிமெஸ்ஜி கட்டளையை மைனஸ் டபிள்யூ சேர்த்து ஓட விடுங்கள் (புதிய உபுண்டு, டெபியனில் முன்னால் சூடோ, அதாவது நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை, போட வேண்டியிருக்கும்). இப்போது கேபிளைச் செருகினால் கெர்னல் (இயக்க முறைமையின் மையம்) பேசும். எஃப்டிடிஐ, சிஎச்340, பிஎல்2303, சிபி2102 மாதிரி சிப் இருக்கிற யுஎஸ்பி கேபிள் என்றால் டிடிஒய்யுஎஸ்பி0 என்ற பெயரில் இணைந்ததாக ஒரு வரி வரும். ஆர்டுயினோ யூனோ மாதிரி தானே யுஎஸ்பி பேசும் போர்டு என்றால் டிடிஒய்ஏசிஎம்0. அந்த வரியில் என்ன பெயர் வருகிறதோ அதுதான் உங்கள் போர்ட்.

செருகியும் ஒரு வரிகூட வரவில்லை என்றால் கணினிக்கு எதுவுமே செருகப்பட்ட உணர்வு இல்லை. டெர்மினல் நிரலில் எதை மாற்றினாலும் பயன் கிடையாது. முதல் சந்தேகம் கேபிள்மேல்தான் வர வேண்டும்: சார்ஜ் ஏற்ற மட்டும் ஆன மைக்ரோ யுஎஸ்பி கேபிள்களில் டேட்டா கம்பி இரண்டும் இருக்காது, வெளியே பார்த்தால் வித்தியாசமும் தெரியாது. போர்டில் விளக்கு எரிவதை வைத்து கேபிள் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள், மின்சாரம் போகும் கம்பி வேறு, தகவல் போகும் கம்பி வேறு.

வரி வருகிறது, எல்எஸ்யுஎஸ்பி பட்டியலிலும் தெரிகிறது, ஆனால் டிடிஒய்யுஎஸ்பி0 பிறந்த அடுத்த நொடியே மறைந்துவிடுகிறது என்றால் பிஆர்எல்டிடிஒய் என்ற பெயர் டிமெஸ்ஜியில் இருக்கிறதா என்று பாருங்கள். அது பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் பிரெய்ல் திரைகளுக்கான சேவை. உபுண்டு 22.04-இல் இந்தச் சேவை 1ஏ86:7523 என்ற எண் கொண்ட சிஎச்340 சிப்பை பிரெய்ல் திரை என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். ரிச்சி தெருவில் வாங்குகிற விலை குறைந்த மாடியூல்கள் பலவற்றில் இந்தச் சிப்தான் என்பதால் நம் ஊரில் இது அடிக்கடி வருகிற சிக்கல். அந்தக் கணினியில் யாரும் பிரெய்ல் திரை பயன்படுத்தவில்லை என்றால் பிஆர்எல்டிடிஒய் பேக்கேஜை நீக்கிவிட்டு கேபிளை மறுபடி செருகினால் போதும். பயன்படுத்துகிறவர் இருந்தால் நீக்கவே கூடாது, அவருக்கு அதுதான் திரை. அந்த ஒரு சிப்புக்கான யுடெவ் விதியை (செருகும் கருவிக்கு என்ன செய்வது என்று சொல்வது) மட்டும் முடக்குங்கள்.

பழைய மதர்போர்டில் நேரடியாக இருக்கும் டிபி9 (ஒன்பது பின்) போர்ட் என்றால் பெயர் டிடிஒய்எஸ்0. இதில் ஒரு பொறி உண்டு. உபுண்டுவில் டெவ் அடைவைப் பார்த்தால் டிடிஒய்எஸ்0-இல் தொடங்கி டிடிஒய்எஸ்31 வரை வரிசையாக இருக்கும், நிஜத்தில் போர்ட் ஒன்று இருக்கலாம், ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம். எஸ்டிடிஒய் கட்டளைக்கு மைனஸ் பெரிய எஃப் போட்டு டிவைஸ் பெயரைக் கொடுத்து மைனஸ் ஏ சேர்த்தால், நிஜமான போர்ட் தன் வேகத்தையும் அமைப்பையும் காட்டும். வெறும் பெயர் மட்டும் இருப்பது இன்புட் அவுட்புட் எரர் என்று சொல்லும்.

மேக்கில் ஒரே கேபிளுக்கு இரண்டு பெயர் தெரியும், ஒன்று டிடிஒய் புள்ளி என்று தொடங்கும், இன்னொன்று சியு புள்ளி என்று தொடங்கும். சியு-வைத்தான் எடுக்க வேண்டும். டிடிஒய் வகை, மோடத்தில் அழைப்பு வருவதற்காகக் காத்திருக்கும் காலத்திலிருந்து வந்தது. கேரியர் டிடெக்ட் சிக்னல் வரும்வரை திறக்காமல் அப்படியே நிற்கும். மூன்று கம்பி கேபிளில் அந்தச் சிக்னலே இல்லை, அதனால் நிரல் தொங்கிப்போன மாதிரி இருக்கும். ஃப்ரீபிஎஸ்டியிலும் இதே கதை: யுஎஸ்பி கேபிளுக்கு சியுஏயு0 என்பதை எடுங்கள், அதில் யு மட்டும் பெரிய எழுத்து. மேக், பிஎஸ்டி இரண்டிலும் எஸ்டிடிஒய்க்குப் பெரிய எஃப் கிடையாது, சின்ன எஃப்.

திறக்க விடவில்லை என்றால்

போர்ட் இருக்கிறது, ஆனால் பெர்மிஷன் டினைட். டிவைஸ் கோப்பை எல்எஸ் மைனஸ் எல் போட்டுப் பார்த்தால் உரிமையாளர் ரூட், குழு டயல்அவுட் என்று இருக்கும். மோடத்தில் எண் சுழற்றி வெளியே அழைக்கலாம் என்று சிலருக்கு மட்டும் அனுமதி கொடுத்த காலத்தின் பெயர் அது. டெபியன், உபுண்டு, ஃபெடோராவில் டயல்அவுட், ஆர்ச்சில் யுயுசிபி, ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டியில் டயலர். அந்தக் குழுவில் உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டும். லினக்ஸில் அது யூசர்மாட் கட்டளை, மைனஸ் ஏ, பெரிய ஜி. அந்த ஏ-வை விட்டுவிடாதீர்கள். விட்டால் உங்களை டயல்அவுட்டில் மட்டும் வைத்துவிட்டு மற்ற துணைக் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிடும், சூடோ குழுவிலிருந்தும்தான். அதற்குப் பிறகு சூடோ வேலை செய்யாது, சரிசெய்யவும் சூடோ வேண்டும்.

சேர்த்த பிறகு முழுதாக லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். புது டெர்மினல் ஜன்னல் திறந்தால் மட்டும் போதாது. ஐடி என்று அடித்தால் வரும் பட்டியலில் குழுவின் பெயர் இருந்தால்தான் அனுமதி வந்துவிட்டது என்று அர்த்தம். சிஎச்மாட் 666 போடுவதைப் (எல்லோருக்கும் அனுமதி கொடுப்பது) பல இடங்களில் சொல்லித் தருகிறார்கள். கேபிளைப் பிடுங்கிச் செருகினால் அந்தக் கோப்பு புதிதாகப் பிறக்கும், பழைய அனுமதி போய்விடும், நாளைக்கு மறுபடி இதே சிக்கல்.

ஸ்க்ரீன் என்ற டெர்மினல் நிரலைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அனுமதி இல்லை, பெயர் தப்பு, போர்ட்டை வேறு யாரோ வைத்திருக்கிறார்கள், மூன்றில் எதுவாக இருந்தாலும் ஸ்க்ரீன் பெரும்பாலும் ஒரே மாதிரி ஸ்க்ரீன் முடிகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும். பழுது தேடும்போது பிக்கோகாம் என்ற நிரலைப் பயன்படுத்துங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். அது திறக்கும்போதே போர்ட், வேகம், பேரிட்டி (பிழை பார்க்கும் பிட்), ஃப்ளோ கன்ட்ரோல் (எப்போது அனுப்பலாம் என்ற ஏற்பாடு) எல்லாவற்றையும் வரிசையாக அச்சிடும், திறக்க முடியவில்லை என்றால் காரணத்தையும் சொல்லும். எல்லாம் சரியான பிறகு உங்களுக்குப் பிடித்த நிரலுக்குப் போங்கள்.

டிவைஸ் பிசி (போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது) என்று வந்தால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று எஃப்யூசர் மைனஸ் வி, அல்லது எல்எஸ்ஓஎஃப் சொல்லிவிடும், ரூட்டாக ஓட்டினால்தான் மற்றவர்களுடையதும் தெரியும். பெரும்பாலும் மூன்று பேரில் ஒருவர். ஒன்று, நீங்களே: ஸ்க்ரீனில் கன்ட்ரோல்-ஏ தட்டி டி அடித்து வெளியே வந்தால் அது மூடாது, பின்னால் ஓடிக்கொண்டு போர்ட்டைப் பிடித்திருக்கும், கன்ட்ரோல்-ஏ, கே அடித்துத்தான் மூட வேண்டும். இரண்டு, ஆர்டுயினோ மென்பொருளில் திறந்து மறந்துவிட்ட சீரியல் மானிட்டர். மூன்று, மோடம்மேனேஜர். புதிதாக ஒரு சீரியல் போர்ட் வந்தால் அது 4ஜி டாங்கிளோ என்று பார்க்க இந்தச் சேவை ஏடி கட்டளைகளை அனுப்பிப் பார்க்கும். செருகிய பிறகு சில நொடிகள் பிசி என்று வந்து தானாகச் சரியானாலோ, மறுமுனையில் இருக்கும் கருவி நீங்கள் அடிக்காத ஏடி என்ற எழுத்துகளைப் பார்த்ததாகப் புகார் சொன்னாலோ இதுதான் காரணம். மொபைல் டாங்கிள் பயன்படுத்தாதவர்கள் சிஸ்டம்சிடிஎல் மூலம் அந்தச் சேவையை நிறுத்திவிடலாம்.

மினிகாம் என்ற நிரலில் லாக் கோப்பு என்று தனியாக ஒன்று உண்டு. நிரல் நடுவில் செத்துப்போனால் வார் லாக் அடைவில் எல்சிகே என்று தொடங்கும் ஒரு கோப்பு எஞ்சியிருக்கும், அடுத்த முறை டிவைஸ் பூட்டப்பட்டிருக்கிறது என்று மினிகாம் மறுக்கும். வேறு யாரும் போர்ட்டைப் பிடிக்கவில்லை என்று எஃப்யூசரில் உறுதிசெய்த பிறகு அதை அழிக்கலாம்.

இன்னொன்று, நேற்றுவரை டிடிஒய்யுஎஸ்பி0 ஆக இருந்தது இன்று காணோம் என்றால் டிடிஒய்யுஎஸ்பி1 இருக்கிறதா என்று பாருங்கள். நிரல் திறந்திருக்கும்போதே கேபிளைப் பிடுங்கினால் பழைய பெயர் விடுதலை ஆகாமல் அடுத்த எண் கொடுக்கப்படும். டெவ் அடைவுக்குள் சீரியல், அதற்குள் பை-ஐடி என்ற அடைவில் சிப்பின் பெயரும் வரிசை எண்ணும் சேர்ந்த நிலையான பெயர் இருக்கும், அதைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. சிஎச்340 சிப்புகளில் பொதுவாகத் தனி வரிசை எண் இருக்காது, அப்படி இரண்டு கேபிள் ஒரே நேரத்தில் செருகியிருந்தால் பை-ஐடியில் ஒன்றுதான் தெரியும். பக்கத்திலேயே பை-பாத் அடைவு இருக்கிறது, எந்த யுஎஸ்பி துளை என்பதை வைத்துப் பெயர் தருவது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுமே வரவில்லை

போர்ட் திறந்துவிட்டது. கர்சர் மட்டும் மினுக்குகிறது. என்டர் தட்டினாலும் அமைதி. இந்த இடத்தில்தான் ஆட்கள் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் பழுது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு ஜம்பர் வயர் போதும், இரண்டு நிமிட வேலை.

மறுமுனைக் கருவியிலிருந்து கேபிளைக் கழற்றுங்கள். கேபிளின் டிஎக்ஸ் (அனுப்பும்) முனையையும் ஆர்எக்ஸ் (வாங்கும்) முனையையும் ஒன்றோடொன்று இணையுங்கள். டிபி9 என்றால் 2-ஆம் 3-ஆம் பின்கள். சிஸ்கோ வகை நீலக் கன்சோல் கேபிளின் ஆர்ஜே45 முனை என்றால் 3-ஆம் 6-ஆம் பின்கள். நான்கு வண்ணக் கம்பி வரும் டிடிஎல் கேபிள் (போர்டுகளின் குறைந்த வோல்ட்டேஜில் பேசுவது) என்றால் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்று எழுதியிருக்கும் இரண்டையும் ஒரு ஜம்பரால் கோர்த்துவிடலாம். ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை என்று வைத்து பிக்கோகாமைத் திறந்து ஏதாவது அடியுங்கள். நீங்கள் அனுப்பியது சுற்றிவந்து உங்கள் திரையிலேயே விழ வேண்டும். ஏ அடித்தால் ஏ தெரியும். இப்போது விரலால் ஜம்பரைப் பிடுங்கிவிட்டு அதே ஏ-வை அடியுங்கள், ஒன்றும் தெரியக் கூடாது. பிடுங்கிப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்; நிரலில் லோக்கல் எக்கோ (அடிப்பதை நிரலே திரையில் காட்டுவது) போட்டிருந்தால் கம்பியே இல்லாமலும் எழுத்து தெரியும், கேபிள் நன்றாக இருக்கிறது என்று ஏமாந்துவிடுவோம்.

எழுத்து திரும்பி வந்தது என்றால் கணினி, டிரைவர், அனுமதி, நிரல், கேபிள் எல்லாம் சுத்தம். பழுது அந்தப் பக்கம், அல்லது இரண்டையும் இணைக்கிற விதத்தில். வரவில்லை என்றால் மறுமுனைக் கருவியை இன்னும் ஒரு நொடிகூட நோண்ட வேண்டாம். பாட் ரேட் சரியா என்பதை மட்டும் இந்தச் சோதனை சொல்லாது, அனுப்புவதும் வாங்குவதும் ஒரே சிப் என்பதால் எந்த வேகத்திலும் சரியாகவே வரும்.

அடுத்தது இணைப்பு. இதன் டிஎக்ஸ் அதன் ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும், அதன் டிஎக்ஸ் இதன் ஆர்எக்ஸுக்கு வர வேண்டும், கிரவுண்ட் இரண்டுக்கும் பொது. கிரவுண்டை மறந்தால் ஒன்றும் வராமலும் போகலாம், குப்பையும் வரலாம், தொட்டால் வரும் விட்டால் போகும் என்றும் ஆடலாம். டிபி9 கேபிள்களில் நேர் கேபிள், நல் மோடம் கேபிள் என்று இரண்டு உண்டு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து ஒரு முனையின் 2-ஆம் பின் மறுமுனையில் 2-க்குப் போகிறதா 3-க்குப் போகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். 3-க்குப் போனால் நல் மோடம். கணினிக்கும் கணினிக்கும் நல் மோடம், கணினிக்கும் மோடத்துக்கும் நேர் கேபிள்.

வோல்ட்டேஜைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல வேண்டும், இதில் தவறினால் போர்டு போய்விடும். டிபி9-இல் வரும் ஆர்எஸ்-232 என்பது 1960-இல் வந்த தரம், அதன் சிக்னல் பிளஸ் 3 முதல் 15 வோல்ட், மைனஸ் 3 முதல் 15 வோல்ட். ராஸ்பெர்ரி பை, ரவுட்டர் போர்டுக்குள் இருக்கும் நாலு பின் வரிசை, இஎஸ்பி மாடியூல் எல்லாம் பெரும்பாலும் 3.3 வோல்ட். மைனஸ் 12 வோல்ட்டைக் கொண்டுபோய் பை-யின் பின்னில் கொடுத்தால் அந்தப் பின் மட்டும் அல்ல, சிப்பே போகலாம். இரண்டுக்கும் நடுவில் மேக்ஸ்3232 மாதிரி ஒரு மாற்றி வேண்டும், அல்லது முதலிலேயே 3.3 வோல்ட் யுஎஸ்பி கேபிளாக வாங்க வேண்டும்.

தெரியாத போர்டில் எந்தப் பின் டிஎக்ஸ் என்று கண்டுபிடிக்கவும் மல்டிமீட்டர் உதவும். கறுப்புக் கம்பியை கிரவுண்டில் வைத்து, போர்டை இயக்கி, ஒவ்வொரு பின்னாகத் தொடுங்கள். 3.3 வோல்ட்டில் இருந்துகொண்டு, பூட் ஆகும் நேரத்தில் மட்டும் கீழே இறங்கி ஆடுகிற பின்தான் டிஎக்ஸ். அசையாமல் 3.3-இல் நிற்பது பவர் பின்னாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் டேட்டா கம்பியைப் போடாதீர்கள். ஓய்வில் மைனஸ் 5, மைனஸ் 9 என்று காட்டினால் அது ஆர்எஸ்-232, 3.3 வோல்ட் கேபிளைப் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம்.

ராஸ்பெர்ரி பை 4, 3, ஜீரோ டபிள்யூ என்றால் 40 பின் வரிசையில் 6-ஆம் பின் கிரவுண்ட், 8 டிஎக்ஸ், 10 ஆர்எக்ஸ். தனி அடாப்டரில் ஓடும் பை-க்கு யுஎஸ்பி கேபிளின் சிவப்புக் கம்பியை இணைக்காதீர்கள், அது 5 வோல்ட். கம்பி எல்லாம் சரியாக இருந்தும் அமைதி என்றால் கான்ஃபிக் டெக்ஸ்ட் கோப்பில் எனேபிள்-யுஆர்ட் சமம் 1 என்ற வரி இருக்கிறதா பாருங்கள் (நடுவில் வருவது அண்டர்ஸ்கோர்). புக்வர்ம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்பு பூட் அடைவுக்குள் ஃபர்ம்வேர் என்ற அடைவில் இருக்கிறது. ப்ளூடூத் உள்ள இந்தப் பை-களில் நல்ல யுஆர்ட்டை (சீரியல் பேசும் சுற்று) ப்ளூடூத் எடுத்துக்கொள்ளும், பின்களுக்கு வருவது மினி யுஆர்ட். அதன் வேகம் கிராபிக்ஸ் கோர் கடிகாரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். அந்த வரி கடிகாரத்தை ஒரே இடத்தில் நிறுத்தும். அது இல்லாவிட்டால் அமைதி, இருந்தும் சரியில்லை என்றால் குப்பை.

குப்பை எழுத்து

குப்பை வந்தால் சந்தோஷப்படுங்கள், கம்பி பேசுகிறது. பாட் ரேட் மட்டும்தான் பெரும்பாலும் பொருந்தவில்லை. சீரியலில் கடிகாரக் கம்பி தனியாகக் கிடையாது, இரண்டு பக்கமும் தன் தன் கடிகாரத்தை நம்பி எண்ணுகின்றன. 9600-இல் ஒரு பிட் 104 மைக்ரோ செகண்ட், 115200-இல் 8.7 மைக்ரோ செகண்ட். ஒரு எழுத்துக்குத் தொடக்க பிட், 8 டேட்டா பிட், முடிவு பிட் என்று 10 பிட்கள். பத்தாவது பிட் வருவதற்குள் அரை பிட் அளவுக்கு விலகிவிட்டால் எழுத்து கெட்டது, அதாவது மொத்தமாகச் சுமார் 5 சதவீதம் வரைதான் தாங்கும்.

கண்டபடி முயலாமல் கருவியைப் பார்த்து வேகத்தை ஊகியுங்கள். சிஸ்கோ, ஜூனிப்பர் கருவிகள் 9600. யு-பூட், லினக்ஸ் போர்டுகள், பை எல்லாம் 115200. ராக்சிப் சிப் போர்டுகள் பல 1500000. எல்லாக் கேபிளும் அவ்வளவு வேகத்துக்கு ஈடுகொடுக்காது. இஎஸ்பி8266 இயங்கியதும் முதல் சில வரி 74880-இல் வரும். அந்த விநோதமான எண்ணுக்குக் காரணம் உண்டு: அதன் ரோமில் உள்ள நிரல் 40 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருப்பதாக நினைத்து 115200-க்குக் கணக்குப் போடுகிறது, போர்டில் இருப்பது 26 மெகாஹெர்ட்ஸ். 115200-ஐ 26-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 74880.

முதல் பக்கம் தெளிவாக வந்து திடீரென்று குப்பையானால் பூட்லோடர் (கெர்னலை ஏற்றும் நிரல்) ஒரு வேகத்திலும் கெர்னல் இன்னொரு வேகத்திலும் பேசுகின்றன, கெர்னலுக்குக் கொடுக்கும் கன்சோல் வரியில் வேகத்தைத் திருத்த வேண்டும். சில எழுத்து சரியாகவும் சில தப்பாகவும் வந்தால் வேகம் சரி, பேரிட்டி தப்பு. 7 பிட் ஈவன் பேரிட்டியில் அனுப்புவதை 8என்1-இல் (8 டேட்டா பிட், பேரிட்டி இல்லை, 1 முடிவு பிட்) படித்தால் இப்படித்தான் இருக்கும், எடைக் கருவிகளிலும் பழைய தொழிற்சாலைக் கருவிகளிலும் இது சகஜம். எல்லா வேகத்திலும் குப்பை என்றால் கிரவுண்டைப் பாருங்கள், அதுவும் சரி என்றால் ஆர்எஸ்-232-ஐயும் டிடிஎல்-ஐயும் நேராக இணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், இரண்டுக்கும் பூச்சியமும் ஒன்றும் தலைகீழ்.

வருகிறது, ஆனால் போகவில்லை

ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு என்னோடு வேலை பார்த்த பையன் ரேக் முன்னாலிருந்து கூப்பிட்டான். "அண்ணா, ஸ்விட்ச் பூட் ஆகுறது பூரா தெரியுது, என்டர் தட்டினா மட்டும் போக மாட்டேங்குது, மூணு கேபிள் மாத்திட்டேன்." ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று பயந்துபோய் மாற்று ஸ்விட்ச் எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தான். "எதுலடா தொறந்திருக்க?" "மினிகாம்ல அண்ணா." "கன்ட்ரோல்-ஏ, ஓ தட்டு. சீரியல் போர்ட் செட்டப் போ. எஃப் வரியைப் படி." ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் யெஸ் என்று படித்தான். எஃப் ஒருமுறை தட்டி நோ ஆக்கிவிட்டு வெளியே வரச் சொன்னேன். அடுத்த நொடி லாகின் வந்துவிட்டது.

மினிகாம் பல லினக்ஸ்களில் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோலை யெஸ் என்றே வைத்துத் திறக்கிறது. அந்த முறையில் நம் பக்கம் அனுப்ப வேண்டும் என்றால் மறுபக்கம் சிடிஎஸ் கம்பியில் அனுப்பலாம் என்று சொல்ல வேண்டும். டிஎக்ஸ், ஆர்எக்ஸ், கிரவுண்ட் மூன்று மட்டும் உள்ள கேபிளில் அந்தக் கம்பியே இல்லை, கெர்னல் நம் எழுத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும். வாங்குவதற்கு அனுமதி தேவையில்லை என்பதால் வருவது மட்டும் வந்துகொண்டே இருக்கும். மாற்றிய பிறகு டிஃபால்ட்டாகச் சேமிக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் அடுத்த முறையும் இதே நிலைமை.

அது நோ ஆகவே இருக்கிறது என்றால் கன்ட்ரோல்-க்யூ தட்டிப் பாருங்கள். சாஃப்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் இருக்கும்போது தெரியாமல் கன்ட்ரோல்-எஸ் தட்டினால் எல்லாம் உறைந்து நிற்கும், க்யூ அதை விடுவிக்கும். லினக்ஸ் போர்டில் கெர்னல் செய்தி எல்லாம் ஓடிவிட்டு லாகின் மட்டும் கேட்கவில்லை என்றால் அந்த போர்ட்டில் கெட்டி (லாகின் கேட்கும் நிரல்) ஓடவில்லை, போர்டில் சீரியல்-கெட்டி சேவையை அந்த போர்ட்டின் பெயரோடு இயக்க வேண்டும். இதுவும் இல்லை என்றால் நம் டிஎக்ஸ் கம்பி மட்டும் அறுந்திருக்கலாம், ஜம்பர் சோதனை சொல்லிவிடும்.

சின்னச் சின்னத் தொல்லைகள்

வரிகள் படிக்கட்டாகச் சரிந்தால் மறுமுனை வரி மாற்றம் மட்டும் அனுப்புகிறது, கேரேஜ் ரிட்டர்ன் அனுப்பவில்லை. மினிகாமில் கன்ட்ரோல்-ஏ, யு. பிக்கோகாமில் ஐமேப் என்ற தேர்வுக்கு எல்எஃப்சிஆர்எல்எஃப் என்று கொடுங்கள். அடிப்பது இரண்டிரண்டாகத் தெரிந்தால் லோக்கல் எக்கோவை நிறுத்துங்கள், மினிகாமில் கன்ட்ரோல்-ஏ, ஈ.

எழுத்துகள் நடுநடுவே காணாமல் போவது இதைவிடப் பெரிய விஷயம். ஒரே போர்ட்டை இரண்டு நிரல்கள் படித்தால் வருகிற எழுத்தை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும், பாதி உங்களுக்கு, பாதி அதற்கு. மறந்துபோன ஸ்க்ரீனோ கணினியிலேயே ஓடும் கெட்டியோ இருக்கிறதா என்று எஃப்யூசரில் பாருங்கள். நீளமான கான்ஃபிகரேஷனை ஒட்டும்போது மட்டும் வரிகள் விழுங்கப்பட்டால் கருவி உங்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 9600-இல்கூட விநாடிக்கு 960 எழுத்து போகிறது, ஒவ்வொரு வரியையும் புரிந்துகொண்டு செயல்படுத்த ஸ்விட்சுக்கு நேரம் வேண்டும். மினிகாமின் டெர்மினல் செட்டிங்ஸில் வரிக்கு வரி இடைவெளி விடும் தேர்வு இருக்கிறது, 100 மில்லி செகண்ட் வைத்துப் பாருங்கள். ஒட்டி முடித்ததும் கருவியில் இருப்பதைத் திரும்ப எடுத்து மூலத்தோடு டிஃப் போட்டுப் பார்த்துவிடுங்கள், ஆக்சஸ் லிஸ்டில் ஒரு வரி விட்டுப்போனால் அன்றைக்குத் தெரியாது.

போர்ட்டைத் திறக்கும்போதெல்லாம் ஆர்டுயினோ முதலிலிருந்து தொடங்கினால் அது பழுது இல்லை. திறந்தவுடன் டிடிஆர் சிக்னல் (கணினி தயார் என்று சொல்லும் கம்பி) மாறும், அது போர்டில் ரீசெட்டோடு இணைந்திருக்கிறது, புது நிரல் ஏற்றுவதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். எஸ்டிடிஒய்யில் மைனஸ் எச்யுபிசிஎல் கொடுத்தால் நிரலை மூடும்போது டிடிஆர் விழாது, அடுத்தடுத்த முறை ரீசெட் ஆகாது. முதல் முறை திறக்கும்போது ஆகத்தான் செய்யும்.

வெளியே வருவது: மினிகாமில் கன்ட்ரோல்-ஏ, எக்ஸ். பிக்கோகாமில் கன்ட்ரோல்-ஏ, கன்ட்ரோல்-எக்ஸ். டியோ என்ற நிரலில் கன்ட்ரோல்-டி, க்யூ. சியு என்ற நிரலில் (மேக் போர்ட் பெயரில் வரும் சியு அல்ல) புது வரியில் டில்டே, அப்புறம் புள்ளி. தொலைவில் இருக்கும் சர்வருக்கு எஸ்எஸ்எச்சில் போய் அங்கே சியு திறந்திருந்தால் அந்த டில்டே புள்ளி எஸ்எஸ்எச்சையே அறுத்துவிடும், ஏனென்றால் அதற்கும் அதே குறிதான். அங்கே டில்டேயை இரண்டு முறை அடித்துப் புள்ளி வையுங்கள், முதல் டில்டேயை எஸ்எஸ்எச் எடுத்துக்கொண்டு இரண்டாவதை உள்ளே அனுப்பும். அப்படி அறுந்துபோயிருந்தால் சர்வரில் சியு இன்னும் போர்ட்டைப் பிடித்திருக்கிறதா என்று திரும்ப உள்ளே போய் எஃப்யூசரில் ஒருமுறை பாருங்கள்.